ஸ்டாண்டர்டு பாட்டில்

"உங்க ரோஜா எண்ணெயில கலப்படம் இருக்கு மேடம்" என்று கம்பெனி மேனேஜர் போனில் சொன்னபோது, நான் செப்புக் கொப்பரைக்குள் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பூக்காலம் முடிந்ததும் கொப்பரையைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைப்பது எங்கள் பட்டறை வழக்கம். ஸ்பீக்கரில் போட்ட போன் விளிம்பில் இருந்ததால் அந்த வார்த்தை கொப்பரைக்குள் இறங்கி இரண்டு மடங்காகக் கேட்டது. தலையை வெளியே இழுத்த வேகத்தில் நங்கென்று இடித்துக்கொண்டேன்.

"யார் எண்ணெயில? எங்க எண்ணெயிலயா?"

"ஸ்டாண்டர்டோட ஒத்துப் போகல. ரெண்டு தடவை பாத்தாச்சு. நாளைக்கு நீங்க வந்தா உங்க கண்ணு முன்னாடியே இன்னொரு தடவை பாக்கறோம். வரலைன்னா சங்கத்துக்கு எழுதிடுவோம். அப்புறம் உங்க கேனை யாரும் தொட மாட்டாங்க."

சங்கம் என்றால் வாசனை எண்ணெய் வாங்கும் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து வைத்திருப்பது. அங்கே ஒருமுறை 'கலப்படக்காரன்' என்று பேர் ஏறிவிட்டால் அப்புறம் எந்தக் கம்பெனிக் கதவும் திறக்காது. பட்டறையை இழுத்துப் பூட்டிவிட்டு வேறு பிழைப்பு பார்க்க வேண்டியதுதான்.

எனக்குக் கோபம் வர நேரமே ஆகாது. பட்டறைப் பெண்கள் முதுகுக்குப் பின்னால் என்னை 'பாய்லர்' என்று கூப்பிடுவது எனக்குத் தெரியும். அன்றைக்கும் கொதித்துத்தான் போனேன். ஏனென்றால் இந்த வருஷத்து எண்ணெய் முழுக்க என் கையில் இறங்கியது. பூ வர ஆரம்பிக்கும்போதே என் வீட்டுக்காரர் பாய்லர் மேடையிலிருந்து வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். வெயில் ஏறினால் ரோஜாவில் எண்ணெய் நிற்காது. விடிவதற்குள் மூட்டை மூட்டையாகப் பூ வந்து இறங்கும். அதைக் கொப்பரையில் கொட்டி, தண்ணீர் விட்டு, தீயை அடக்கி எரித்து, ஆவி குளிர்ந்து சொட்டும் பன்னீரின் மேல் மிதக்கிற மஞ்சள் படலத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு உறிஞ்சி எடுக்க வேண்டும். ஒரு வண்டிப் பூவைப் போட்டால் உள்ளங்கையில் அடங்குகிற எண்ணெய் வரும். ஆவி பட்டு என் இடது முழங்கையில் தோல் உரிந்தது. உரிந்த கையோடுதான் கேனில் நிரப்பி மூடி, அரக்கு வைத்து அனுப்பினேன். அதில் கலப்படமாம்.

மற்ற வருஷங்களில் வடித்து எடுப்பதோடு என் வேலை முடிந்துவிடும். கேனில் நிரப்புவது பின்னறையில், அவர் மட்டும், உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு. "மூச்சுக்காத்து பட்டா எண்ணெய் கெட்டுடும்" என்பார். "அப்ப நீங்க என்ன, மூக்கைப் பொத்திக்கிட்டா நிரப்பறீங்க?" என்று கதவுக்கு வெளியே நின்று கேட்பேன். உள்ளேயிருந்து சிரிப்பு மட்டும் வரும். வெளியே வரும்போது அவர் சட்டைக் காலரில் பச்சை இலையைக் கசக்கியது போல ஒரு வாடை அடிக்கும். இரண்டு தண்ணீர் அலசினாலும் போகாது. 'பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள், இந்த நார் மட்டும் ஏன் இலை மணக்கிறது' என்று கேலி செய்துகொண்டே துவைப்பேன். அதற்கு மேல் யோசித்ததில்லை.

கொப்பரையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குள் போனேன். அவர் கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். ஒரு கேனின் மூடி சொட்டை என்று கடைக்காரனோடு அரை நாள் சண்டை போடுகிற மனிதர். விஷயத்தைச் சொன்னதும் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு கம்பெனிக்கே கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன்.

அவர் ஆரஞ்சைக் கீழே வைத்தார். "என்ன கலந்திருக்குன்னு சொன்னாங்களா?"

"கலந்திருந்தாத்தானே சொல்றதுக்கு? ஸ்டாண்டர்டோட ஒத்துப் போகலையாம்."

கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். "விட்டுடலாம்மா. கேனைத் திருப்பி வாங்கிக்கலாம். சின்ன கம்பெனி ஏதாவது பாத்துக் குடுத்துக்கலாம்."

"சங்கத்துக்கு எழுதிட்டா சின்ன கம்பெனி எங்கேருந்து வரும்? மடியில கனமில்ல, வழியில என்ன பயம்? நான் நாளைக்குப் போறேன்."

"கேனை மூடறதுக்கு முன்னாடி என்கிட்ட காட்டுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. ஏன் காட்டல?"

"நீங்க ஆஸ்பத்திரியில மாத்திரை மயக்கத்துல கிடந்தீங்க. லாரிக்காரன் உங்களுக்காகக் காத்திருப்பானா?" அப்புறம்தான் அந்தக் கேள்வி எனக்கு உறைத்தது. "என்னங்க, என்னையே சந்தேகப்படறீங்களா? நானா கலந்தேன்?"

"ஐயோ, உன்னைச் சொல்லல" என்றார். பாதி உரித்த ஆரஞ்சைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டார்.

எனக்கு ஆறவில்லை. அன்று அவரோடு அதற்கு மேல் பேசவுமில்லை. காலையில் நான் வேனை எடுக்கும்போது, கட்டுப் போட்ட காலோடு வந்து பின் சீட்டில் குறுக்காக உட்கார்ந்துகொண்டார். வேண்டாம் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. எனக்குத் துணையாக வருகிறார் என்று நினைத்து மனசுக்குள் கொஞ்சம் இளகினேன்.

கம்பெனியின் சோதனை அறைக்குள் சுலபத்தில் போக முடியாது. வாசனை எதுவும் பூசவில்லையே என்று கேட்டார்கள். மணமில்லாத சோப்பைக் கொடுத்து முழங்கை வரைக்கும் கழுவ வைத்தார்கள். வெள்ளைக் கோட்டு மாட்டினார்கள். அவருடைய ஊன்றுகோலின் ரப்பர் நுனியைக்கூட ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார்கள். உள்ளே சுவர், தரை, மேசை எல்லாம் வெள்ளை. அலமாரியில் பழுப்பு நிற சின்ன பாட்டில்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு மெஷின் முனகிக்கொண்டிருந்தது. இத்தனை வாசனை பாட்டில்கள் இருந்தும் அந்த அறையில் எந்த மணமும் இல்லை. எனக்கு அதுவே ஒரு மாதிரியாக இருந்தது.

சோதிக்கிற அம்மாளுக்கு என்ன பேரோ, கம்பெனியில் எல்லாரும் கூப்பிடுவது மூக்கம்மா. வேலை நாளில் வெங்காயம் தொட மாட்டாராம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சென்ட் அடித்திருந்தால் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடப்பாராம். என் வயசுதான் இருக்கும். சிரிப்புக்கும் அந்த முகத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அவரைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. என் உழைப்பைக் கலப்படம் என்று சொன்ன மூக்கு அது.

மேனேஜர் ஒரு தாளை மேசையில் விரித்தார். மெஷின் போட்ட இரண்டு கோடுகள், மலையும் பள்ளமுமாக. கறுப்புக்கோடு ஸ்டாண்டர்டு, சிவப்புக்கோடு என் எண்ணெய்.

"இங்க பாருங்க மேடம். ஸ்டாண்டர்டுல இவ்ளோ பெரிய மலை. உங்களதுல பாதிகூட இல்ல. இதோ, இங்க ரெண்டு சின்ன மேடு. உங்களதுல சுத்தமா இல்ல. போன வருஷம் வரைக்கும் உங்க எண்ணெய் கறுப்புக்கோட்டு மேல அப்படியே படுத்துக்கும். இந்த வருஷம் என்ன ஆச்சு?"

"இந்த வருஷம் வடிச்சதும் நிரப்பினதும் நான் ஒருத்திதான் சார். அதுதான் ஆச்சு. பூவைத் தவிர, தண்ணியைத் தவிர, ஒரு சொட்டு எதுவும் உள்ள போகல."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

"எல்லாரும் சொல்றதும் நான் சொல்றதும் ஒண்ணா?" என் குரல் ஏறிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷின்காரர் திரும்பிப் பார்த்தார். பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், "மெதுவா பேசு" என்றார். எனக்காக ஒரு வார்த்தை பேசுவார் என்று பார்த்தால், எனக்கே அடக்கு முறை.

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். "மூணாவது தடவையும் பாத்துடலாம். பாட்டிலை எடுங்க."

"உதவிப் பொண்ணு லீவு சார்" என்றார் மூக்கம்மா. "ஃபிரிட்ஜுலேருந்து எடுத்து வெந்நீர்ல வெச்சு இளக்கணும். கொஞ்சம் நேரம் ஆகும்."

"அதெல்லாம் அஞ்சு நிமிஷத்துல தானா இளகிடும்." மேனேஜரே எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்து இரண்டு பாட்டிலையும் எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். ஒன்று என் எண்ணெயின் மாதிரி. இன்னொன்றுதான் அவர்கள் வேதவாக்காக வைத்திருக்கும் ஸ்டாண்டர்டு பாட்டில். எந்த ரோஜா எண்ணெய் வந்தாலும் அதற்குப் பக்கத்தில் வைத்துத்தான் நல்லதா கெட்டதா என்று முடிவு சொல்வார்கள்.

இரண்டும் குளிரில் உறைந்திருந்தன. உறைய வேண்டியதுதான். நல்ல ரோஜா எண்ணெய் சின்ன குளிருக்கே உறையும்; கையில் பிடித்தால் இளகும். இது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்தது. என்னுடையதில் மேலிருந்து கீழ்வரை மெல்லிய ஊசி ஊசியாக, ஜன்னல் கண்ணாடியில் பனி படர்ந்தது போல இருந்தது. இந்த வருஷம் பட்டறையில் குளிர்ந்த விடியற்காலைகளில் அதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பழக்கம்.

ஸ்டாண்டர்டு பாட்டிலில் ஊசியே இல்லை. அடியில் பாதி உயரத்துக்கு வெள்ளையாக ஒரு கட்டி. எரிந்து முடிந்த மெழுகுவர்த்தியின் அடிக்கட்டை மாதிரி. அதன் மேல் மஞ்சளாக எண்ணெய் தளும்பியது.

"இது என்னங்க, இப்படி இருக்கு?" என்று கேட்டேன். நிமிர்ந்தால், மூக்கம்மாவும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டிலைக் கையில் எடுத்துச் சாய்த்தார். எண்ணெய் சாய்ந்தது. கட்டி அசையவில்லை.

அவர் என் பாட்டிலை இடது கையிலும் ஸ்டாண்டர்டை வலது கையிலும் பொத்திக்கொண்டார். அப்படியே நின்றார். ஏசி உறுமுவது மட்டும் கேட்டது. மேனேஜர் மேசை விளிம்பை விரலால் தட்டத் தொடங்கினார். என் எண்ணெய் இளகவில்லை என்றால் என்ன செய்வது என்ற பயம் ஒரு நிமிஷம் வந்தது. இவ்வளவு நாளாக வராத பயம். என்னையே நான் சந்தேகப்பட்டேன். கழுவின கேனில் முன்பு எதையாவது வைத்திருந்தார்களோ, கொப்பரையில் ஏதாவது ஒட்டியிருந்ததோ என்று மனசு கண்டபடி ஓடியது.

மடேரென்று ஒரு சத்தம். எல்லாரும் திடுக்கிட்டுத் திரும்பினோம். என் வீட்டுக்காரரின் ஊன்றுகோல் சரிந்து தரையில் விழுந்திருந்தது. அவர் அதை எடுக்கக் குனியவும் இல்லை.

மூக்கம்மா கைகளை விரித்தார். என் பாட்டிலில் ஊசி ஒன்றுகூட மிச்சமில்லை; தெளிந்த தேன் மாதிரி நின்றது. ஸ்டாண்டர்டில் கட்டி இருந்தபடியே இருந்தது.

"மெழுகு" என்றார் மூக்கம்மா. யாரிடமும் சொல்வது போல இல்லை. "எனக்கு இந்த பாட்டில் வரும்போதே வெந்நீர்ல இளகித்தான் வரும். உறைஞ்சு நான் பாத்ததே இல்ல. இத்தனை வருஷமா ஒரு தடவைகூடப் பாக்கல."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. "பாத்தீங்களா சார்!" என்று கத்திவிட்டேன். "கலப்படம் என் எண்ணெயில இல்ல, உங்க ஸ்டாண்டர்டுல! இது எங்கேருந்து வந்த பாட்டில்?"

மேனேஜர் தட்டுவதை நிறுத்தினார். "ஆதியில வெளியிலேருந்து வரவழைச்சது. கொறைய கொறைய, நல்லா ஒத்துப்போற சரக்குலேருந்து கொஞ்சம் ஊத்தி நிரப்பிக்குவோம்."

"தயிருக்கு உறை ஊத்தற மாதிரியா? உறை புளிச்சுதுன்னா அப்புறம் தயிர் எப்படி சார் இனிக்கும்? எவனோ ஒரு திருட்டுப்பய அனுப்பினதை ஊத்தி வெச்சுக்கிட்டு, அதோட ஒத்துப் போகலைன்னு என்னைக் கலப்படக்காரின்னு சொல்வீங்களா? அவன் யாருன்னு தேடுங்க. அவன் பேரை எழுதுங்க சங்கத்துக்கு. அவன் பட்டறையை இழுத்துப் பூட்டச் சொல்லுங்க!"

நான் கத்திக்கொண்டிருக்கும்போதே மூக்கம்மா தாங்கியிலிருந்து இரண்டு காகிதப் பட்டைகளை எடுத்து வந்தார். முதல்நாள் சாயங்காலம் எண்ணெயில் தோய்த்து வைத்தவை. மேல்வாசனையெல்லாம் பறந்து, அடிவாசனை மட்டும் நிற்கும்.

"உங்களுதை முதல்ல பாருங்க."

முகர்ந்தேன். தேனும் லேசாக மிளகுமாக, விடியற்காலையில் மூட்டை அவிழ்க்கும்போது வரும் அதே வாசனை.

"இது ஸ்டாண்டர்டு. இதுல கடைசியா ஒரு பச்சை வாடை நிக்கும். அது உங்களுதுல இல்லைன்னுதான் நான் தப்புன்னு எழுதினேன்."

அதையும் வாங்கி மூக்கருகே கொண்டுபோனேன். கசக்கிய பச்சை இலை. கொஞ்சம் புதினா மாதிரி, கொஞ்சம் ரோஜா மாதிரி. எங்கள் வீட்டு அலசுத் தொட்டியின் வாடை. இரண்டு தண்ணீர் அலசினாலும் போகாத அந்தக் காலர்.

வாயில் இருந்த அடுத்த வசவு அப்படியே நின்றது. திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது. பின்னறைத் தாழ்ப்பாள், மூச்சுக்காற்று, "கேனை மூடறதுக்கு முன்னாடி என்கிட்ட காட்டு" என்றது, எல்லாம் ஒரே நேரத்தில் வந்து முகத்தில் அடித்தன. எவனோ ஒரு திருட்டுப்பயல் என்று நான் ஊரைக் கூட்டியதைக் கேட்டுக்கொண்டு, எனக்குப் பின்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"தேடவே வேண்டாம் மேடம்" என்றார் மேனேஜர். குரலைத் தாழ்த்தி, எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "ரோஜா எண்ணெய் எங்களுக்கு நாலஞ்சு வருஷமா ஒரே எடத்துலேருந்துதான் வருது. உங்க எடம்."

நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

மேனேஜர் தண்ணீர் கொடுத்தார். அப்போதுதான் அவர் எவ்வளவு பயந்திருக்கிறார் என்று கவனித்தேன். சாத்திய கதவை இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "இதை இந்த நாலு பேரோட வெச்சுக்குவோம். நாங்களும் பாட்டில்மேல பாட்டிலா 'சுத்தமான ரோஜா'ன்னு எழுதி வித்துட்டோம். ஜனங்களுக்கும் இந்த வாசனைதான் பழகிப் போச்சு. இப்ப திடீர்னு உண்மையான ரோஜாவைக் குடுத்தா, என்னய்யா மாத்திட்டீங்கன்னு கேட்பாங்க. கேனை எடுத்துட்டுப் போங்க. போன வருஷம் மாதிரியே பண்ணித் திருப்பி அனுப்புங்க. கலப்படம்னு சொன்னதை நான் வாபஸ் வாங்கிக்கறேன். உங்க பேருக்கும் ஒண்ணும் ஆகாது."

"சரிங்க சார்" என்றார் என் வீட்டுக்காரர். அவ்வளவு வேகமாக. "ஒரு வாரத்துல அனுப்பிடறோம் சார்."

"என்ன சரி?" என்றேன்.

"அம்மா, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

"என்னங்க சரி? நான் வடிச்ச எண்ணெயில நீங்க மெழுகு கலக்கறது சரியா? கலந்தாத்தான் அது சுத்தம், கலக்கலைன்னா கலப்படமா?"

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவருடையது ஐந்து வருஷம் ஓடியிருக்கிறது. இவ்வளவு கெட்டிக்காரர் என்று கட்டிக்கொண்ட எனக்கே தெரியவில்லை. கோபம் இருக்கட்டும், எனக்கு அழுகைதான் முட்டியது. கம்பெனி ஏமாந்தது கம்பெனி பாடு. நான் அந்த மூடிய கதவுக்கு வெளியே நின்று வருஷா வருஷம் கேலி பேசிக்கொண்டிருந்தேனே, அதை நினைத்தால்தான் தாங்க முடியவில்லை.

"எதுக்குங்க?" என்று கேட்டேன். வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

அவர் தரையில் கிடந்த ஊன்றுகோலைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஒரு வருஷம் மழையில பூ அழுகிப் போச்சே, ஞாபகம் இருக்கா? சொன்ன அளவுக்கு எண்ணெய் தேறல. ஒரே ஒரு தடவைதானேன்னு கலந்தேன். மாட்டிக்குவேன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். அவங்க பாராட்டிப் பேசினாங்க. இவ்ளோ நல்ல எண்ணெய் இதுவரைக்கும் வந்ததே இல்லைன்னு சொல்லி, அதுலேருந்தே ஸ்டாண்டர்டுல ஊத்திக்கிட்டாங்க. அடுத்த வருஷம் பூ நல்லா வந்துச்சு. சுத்தமா அனுப்பலாம்னுதான் நெனச்சேன். அனுப்பியிருந்தா அன்னிக்கே மாட்டியிருப்பேன்." நிமிர்ந்தார். "இந்த வருஷம் நீ மாட்டின மாதிரி."

அந்த வார்த்தையில் பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

மூக்கம்மா இதுவரை இரண்டு பாட்டிலையும் பார்த்துக்கொண்டு நின்றவர், மேசைக்கு வந்தார். "சார், ஸ்டாண்டர்டு என் பொறுப்பு. இந்த பாட்டிலை நான் திரும்ப ஃபிரிட்ஜுல வெக்க மாட்டேன்."

"கொஞ்சம் பொறுமையா யோசிங்க."

"இத்தனை வருஷமா இதை மோந்து மோந்து, இதுதான் ரோஜான்னு என் மூக்கையே பழக்கி வெச்சிருக்கேன். இனிமே எந்த ரோஜாவை நான் நம்புவேன் சார்?" பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "பாட்டிலை மாத்தணும்னா உள்ள என்ன இருக்குன்னு எனக்கு முறையாத் தெரியணும். கலந்தவர் வாயால சொல்லணும்."

மேனேஜர் குறுக்கே கையை நீட்டினார். "மேடம், நல்லா யோசிச்சுக்கங்க. இவர் அதைச் சொல்லி, அந்தம்மா அதைப் பதிஞ்சா, நான் சங்கத்துக்கு எழுதியே ஆகணும். உங்க பட்டறை அவ்ளோதான். பேரைக் காப்பாத்திக்கத்தானே வந்தீங்க?"

ஆமாம், அதற்குத்தான் வந்தேன். மூன்று பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். ஒரு தலையாட்டலில் எல்லாம் முடிந்துவிடும். பட்டறை இருக்கும், பூ வரும், கொப்பரை எரியும். அடுத்த வருஷமும் நான் விடியலுக்கு முன்னால் எழுந்து வடிப்பேன், அவர் பின்னறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போடுவார். நான் வெளியே நின்று, தெரிந்தும் தெரியாதவள் மாதிரி கேலி பேச வேண்டும். உரிந்த முழங்கையைத் தடவிக்கொண்டேன். இன்னும் காந்தியது.

"நான் சொல்ல மாட்டேங்க" என்றேன் என் வீட்டுக்காரரிடம். "நீங்க செஞ்சது. நீங்களே சொல்லுங்க. சொல்லலைன்னா இங்கேருந்து நான் தனியாத்தான் போவேன்."

அவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் வேண்டாம் என்று தலையை அசைத்துக்கொண்டே இருந்தார். நான் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பாய்லருக்குக் கொதிக்க மட்டும்தான் தெரியும் என்று என் வீட்டுக்காரர் நினைத்திருப்பார்; இப்படி ஆடாமல் நிற்கும் என்று அவருக்குத் தெரியாது.

"ஜெரேனியம் எண்ணெய்" என்றார் கடைசியில். "ரோஜா மாதிரியே மணக்கிற இலையோட எண்ணெய். மூணுல ஒரு பங்கு. உறையணுமேன்னு மெழுகு. எல்லா வருஷமும். நான்தான். இவளுக்குத் தெரியாது."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

மூக்கம்மா ஸ்டாண்டர்டு பாட்டிலைத் தனியாக ஓர் உறையில் போட்டு ஒட்டினார். அலமாரியிலிருந்து புதிதாக ஒரு பழுப்பு பாட்டிலை எடுத்து, என் மாதிரியிலிருந்து அளந்து ஊற்றினார். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. மூடியைத் திருகிவிட்டு லேபிளில் பேனாவை வைத்தார்.

"வடிச்சவங்க பேர் போடணும். உங்க பட்டறை பேர் போடட்டுமா?"

இத்தனை வருஷமும் கேன்களின் மேல் இருந்தது என் வீட்டுக்காரர் பேர். பட்டறைக்கும் அவர் பேர்தான். அந்தப் பேர் இன்னும் கொஞ்ச நேரத்தில் சங்கத்துக்குப் போகப்போகிறது.

"வேண்டாம்" என்று என் பேரைச் சொன்னேன். எழுத்துப் பிழை வராமலிருக்க இரண்டாவது தடவையும் சொன்னேன். மூக்கம்மா எழுதி முடித்து, பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்துச் சாத்தினார்.

நாங்கள் கிளம்பும்போது மேனேஜர் எழுந்திருக்கவில்லை. அவர்கள் வாங்க மறுத்த கேனை வேனில் ஏற்றிக்கொண்டோம். உலகத்திலேயே சுத்தமான எண்ணெய் என்னிடம் இருந்தது. அதை வாங்க ஆள் இல்லை. என் வீட்டுக்காரர் பின் சீட்டில் காலை நீட்டி, கேனை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பாதி வழியில் கண்ணாடியில் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, வண்டியை நிறுத்தி நாலு வைக்கலாம் என்றும் இருந்தது.

"அடுத்த பூவுக்குக் கொப்பரை ஏத்துவோமா?" என்று கேட்டார். கெஞ்சுகிற மாதிரி ஒரு குரல்.

"ஏத்துவேன். வாங்கறவங்க யாராவது ஒருத்தர் வராமலா போயிடுவாங்க? கேனை உறைய வெச்சுக் கையில குடுத்துட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பேன்."

"நிரப்பறது யாரு?"

"நீங்களே நிரப்புங்க" என்றேன். "பின்னறைக் கதவை மட்டும் இன்னிக்கே கழட்டிடப் போறேன்."